புதிய வரைபடத்தில் எத்தனை அடுக்குகள்?

கேள்வி: ஐயா அவர்களுக்கு வணக்கம். காவிரிப் படுகையில் ஒரு நகராட்சி ஊரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சுமார் 18,000 நூல்கள் இருக்கின்றன. அதை ‘நவீன அறிவுசார் மையம்’ என்ற பெயரில் புதுப்பிக்கப் போவதாகவும், அதற்காக ஆறு மாதம் மூடப்போவதாகவும் சொல்கிறார்கள். வாசலில் ஒட்டியிருந்த வரைபடத்தைக் கைபேசியில் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி முகப்பு, கணினி அறை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கூடம், காபி அருந்தும் இடம் எல்லாம் இருக்கின்றன. ‘நூலகம்’ என்ற சொல்லைத்தான் எங்கும் காணோம். வாசகர் வட்டத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேர் எதிர்ப்பு மனு எழுதி வைத்திருக்கிறோம். என்னிடம் படித்த பையன்தான் இப்போது எங்கள் வார்டு கவுன்சிலர். “டீச்சர், ஊருக்கு நல்லது வரும்போது நீங்களே குறுக்கே நிற்கலாமா?” என்று கேட்கிறான். எங்கள் எதிர்ப்பு நியாயம்தானா? நியாயமென்றால் மனுவை எப்படி எழுத வேண்டும்? தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் கடிதத்தையும், மனுவின் நகலையும், வரைபடத்தின் படத்தையும் நிதானமாகப் பார்த்தேன். கிளை நூலகராகத் தொடங்கி மாவட்ட நூலக அலுவலராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இப்படிப்பட்ட மனுக்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்கிய அனுபவமும் எனக்கு உண்டு. உங்கள் எதிர்ப்பு நியாயமானதுதான். ஆனால் மூன்று பக்க மனுவில் இரண்டரைப் பக்கம் பெயரைப் பற்றியும் கண்ணாடி முகப்பைப் பற்றியும் காபியைப் பற்றியுமே இருக்கிறது. இந்த மனுவைப் படிக்கும் அதிகாரி, “மூத்த குடிமக்களுக்குப் பழமையின் மீது பற்று இருக்கிறது” என்று குறிப்பெழுதிக் கோப்பை மூடிவிடுவார். நானும் அப்படி ஒருமுறை எழுதியிருக்கிறேன், அதற்காகப் பிறகு வருந்தியும் இருக்கிறேன்.

முதலில் பெயரைப் பேசி முடித்துவிடுவோம். சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட நூலகத்துக்கு ஓர் ஆங்கிலேய ஆளுநரின் பெயரை வைத்தார்கள். நம் மக்கள் அதைக் ‘கன்னிமாரா’ ஆக்கிக் கிராம தேவதைகளின் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் எந்தப் பலகையை மாட்டினாலும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் “லைப்ரரிக்குப் போறேன்” என்றுதான் சொல்லப்போகிறார்கள். லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் நூலகம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘ஐடியா ஸ்டோர்’ என்று பெயரிட்டார்கள். முதலாவது 2002இல் போ என்ற இடத்திலும், பிறகு 2005இல் ஒயிட்சாப்பலிலும் திறக்கப்பட்டன. ஒயிட்சாப்பலில் 1892 முதல் இருந்த பழைய நூலகம், ஏழை யூதக் குடியேறிகளின் பல்கலைக்கழகம் என்று பேரெடுத்தது. அது மூடப்பட்டபோது பலருக்கு நெஞ்சு வலித்தது. கடைக்கு வைக்கிற பெயரை நூலகத்துக்கு வைக்கலாமா என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கடைவீதியை ஒட்டி அமைந்த அந்தப் புதிய இடங்களுக்கு வருவோரின் எண்ணிக்கை முன்பைவிடக் கூடியது என்பதையும் மறைக்க முடியாது. பெயரை மட்டும் எதிர்த்தவர்களுக்கு அந்த எண்ணிக்கைக்கு முன்னால் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

பெயர் மாற்றத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அது உங்கள் மனுவில் இல்லை. பெயரோடு நிர்வாகமும் மாறுகிறதா? உங்கள் கிளை நூலகம் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி அமைந்த மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் இருப்பது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியாக வசூலாவது அந்த ஆணைக்குழுவுக்காகத்தான். வசூலிப்பது உள்ளாட்சி, சேர வேண்டியது ஆணைக்குழுவுக்கு. (வசூலித்ததை உள்ளாட்சிகள் நிலுவையில் வைப்பது எங்கள் துறையில் பழைய கதை.) இன்னொரு பக்கம், நகராட்சிகளே ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’ என்று தனியாகக் கட்டி நடத்தும் ஏற்பாடும் இப்போது இருக்கிறது. உங்கள் ஊரில் புதிய மையம் யாருடையதாக இருக்கும்? நூலகர் எந்தத் துறையிலிருந்து வருவார்? இப்போதுள்ள 18,000 நூல்களும் யார் பெயரில் இருக்கும்? பதிவேடு ஒருவரிடமும் சாவி இன்னொருவரிடமும் இருக்கிற இடத்தில், காணாமல்போன புத்தகத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். நீங்கள் ‘நூலகம்’ என்ற சொல்லைத் தேடினீர்கள். நான் அடுக்குகளை எண்ணினேன். கூடத்தின் வலப்புறம் நீள்சதுரக் கட்டங்களாக 28 அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நீளமும் மூன்று அடி என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். கீழே உள்ள பக்கவாட்டுத் தோற்றத்தில் அந்த அடுக்கு, பக்கத்தில் வரைந்திருக்கும் மனித உருவத்தின் தோளளவுக்கே நிற்கிறது. தோளளவு என்றால் நான்கு தட்டுக்கு மேல் வராது. இருபுறமும் புத்தகம் வைக்கலாம் என்றே தாராளமாகக் கணக்கிடுவோம். 28 அடுக்கு, மூன்று அடி, நான்கு தட்டு, இரண்டு பக்கம் என்று பெருக்கினால் 672 அடி. ஓர் அடிக்குச் சராசரியாகப் பத்துப் புத்தகம் என்பது எங்கள் கைக்கணக்கு. ஆகவே 6,720 புத்தகம். உங்களிடம் இருப்பதோ 18,000. எப்போதும் இரண்டாயிரம் புத்தகம் வாசகர் வீடுகளில் இருக்கும் என்று தள்ளினாலும், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு அந்தக் கட்டடத்தில் இடமில்லை. இந்தக் கணக்கில் தட்டுகளை விளிம்புவரை நிரப்பியிருக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். அடுத்த ஆண்டு வரும் புதிய நூல்களுக்கு ஓர் அங்குலம்கூட இல்லை. ‘நூலகம் வளரும் உயிர்’ என்பது சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி. நூலக அறிவியல் வகுப்பில் முதல் வாரமே மனப்பாடம் செய்கிற இந்த விதியைக் கட்டடம் வரைபவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

‘புத்தகங்களைக் குறைக்கப் போகிறோம்’ என்று எந்த ஆணையிலும் எழுத மாட்டார்கள். அடுக்குகளைக் குறைத்தால் போதும், மற்றது தானாக நடக்கும். சான் பிரான்சிஸ்கோ நகரில் 1996இல் புதிய மைய நூலகம் திறந்தபோது இதுதான் நடந்தது. நடுவே வானளாவிய வெற்றிடமும் நிறையக் கணினிகளும் கொண்ட அழகான கட்டடம். புத்தகங்களுக்கு மட்டும் எதிர்பார்த்த இடம் இல்லை. பெருந்தொகையான நூல்கள் குப்பைமேட்டுக்குப் போயின. நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் பொது ஆவணங்களைப் பார்க்கும் சட்ட உரிமையைப் பயன்படுத்திப் போராடினார். தூக்கி எறியப்பட்டவை இரண்டு லட்சத்துக்கும் மேல் என்றார். நிர்வாகம் அந்த எண்ணிக்கையை மறுத்தது. மறு ஆண்டின் தொடக்கத்தில் நகர நூலகத் தலைவர் பதவி விலகினார், ஆனால் போன புத்தகம் போனதுதான். பேக்கர் அங்கே காப்பாற்றப் போராடியவற்றில் ஒன்று, கணினி வந்தபின் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய அட்டைப் பட்டியல். ஏன் அதைப் பிடித்துக்கொண்டு போராடினார் என்று வெளியார் வியந்தார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரிந்தது. என்ன இருந்தது என்ற பட்டியல் இல்லாமல் என்ன போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது.

எதிர்ப்பு வெற்றி பெற்ற ஊரும் உண்டு, அந்த வெற்றியிலும் ஒரு குறை உண்டு. நியூயார்க் பொது நூலகத்தின் ஐந்தாம் அவென்யூ கட்டடத்தில், பெரிய படிப்புக்கூடத்துக்குக் கீழே ஏழு நிலைகளில் இரும்பு அடுக்குகள் இருக்கின்றன. மேலே உள்ள கூடத்தைத் தாங்கி நிற்பதே அவைதான். அவற்றை அகற்றி அங்கே கடன் நூலகம் ஒன்றை அமைக்க நிர்வாகம் 2008இல் திட்டமிட்டது. கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வரைந்தார். எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் எதிர்த்தார்கள், வழக்கும் தொடுத்தார்கள். 2014 மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே புத்தகங்களை அடுக்குகளிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அடுக்குகள் பிழைத்தன, புத்தகங்கள் அவற்றுக்குத் திரும்பவில்லை. அதே நிர்வாகம் எதிர்ச்சாரியில் இருந்த வேறொரு நூலகத்தைப் புதுப்பித்து, நன்கொடை தந்த அறக்கட்டளையின் பெயரையே அதற்குச் சூட்டி 2021இல் முழுமையாகத் திறந்தபோது, அதை மக்கள் மகிழ்ச்சியோடு ஏற்றார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: புத்தகங்கள் கட்டடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் உங்கள் மனு போய்ச் சேர வேண்டும். ஆறு மாத மூடல் என்கிறீர்களே, உங்கள் ஊரில் ஆபத்தான காலம் அதுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு கிளை நூலகத்தை இடிந்த ஓட்டுக் கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. மூன்று மாதம் என்று சொல்லிப் புத்தகங்களைச் சாக்கில் கட்டி, ஒரு பொதுக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே அடுக்கினோம். மூன்று மாதம் பதினான்கு மாதமானது, நடுவில் ஒரு ஐப்பசி மழை. புதிய கட்டடம் திறப்பதற்கு முந்தைய வாரம் சாக்குகளை இழுத்தோம். முன்வரிசை நன்றாகத்தான் இருந்தது. சுவரை ஒட்டிய சாக்கைத் தூக்கியபோது அது எடையே இல்லாமல் கையோடு வந்தது. உள்ளே புத்தகத்தின் வடிவத்தில் மண் இருந்தது. கரையான் தாளைத் தின்றுவிட்டு, அட்டைகளின் பைண்டிங் துணியை மட்டும் விட்டிருந்தது. எத்தனை நூல் என்று பதிவேட்டில் கழிக்க உட்கார்ந்தபோது, சாக்குகளின் மேல் எண் எழுதவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்தத் தவறு என்னுடையது.

ஆகவே, எந்தக் கட்டடத்தில், தரைக்கு எத்தனை அடி உயரத்தில், யாருடைய பொறுப்பில் புத்தகங்கள் இருக்கும் என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டிலும் எந்தப் பதிவெண்ணிலிருந்து எந்தப் பதிவெண் வரை என்று எழுத வேண்டும் என்றும் கேளுங்கள். அதோடு, மூடியிருக்கும் காலத்தில் ஓர் அறையிலாவது நாளிதழும் கடன் வழங்குதலும் தொடர வேண்டும் என்று வற்புறுத்துங்கள். ஓராண்டு கதவு மூடியிருந்தால் பாதி உறுப்பினர்கள் வழியை மறந்துவிடுவார்கள். பிறகு, “யாரும் வருவதில்லை, எதற்கு இவ்வளவு புத்தகம்?” என்ற கேள்வி தானாக வரும்.

கழிவு செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூலகத்தில் ஒரு புத்தகத்தையும் கழிக்கக் கூடாது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்க மாட்டேன். பாடத்திட்டம் மாறிப்போன வழிகாட்டிகள், காலாவதியான வரிச்சட்டக் கையேடுகள், எட்டுப் பிரதி இருக்கிற ஒரே நாவலின் ஆறு பிரதிகள், பூஞ்சை பிடித்தவை ஆகியவற்றைக் கழிக்கத்தான் வேண்டும். பூஞ்சை பிடித்த ஒன்றை வைத்திருந்தால் பக்கத்தில் இருப்பதும் போகும். ஆனால் எந்த அளவுகோலால் கழிக்கிறார்கள் என்பதில் விழிப்பாக இருங்கள். ‘ஐந்தாண்டில் யாரும் எடுக்காதவை’ என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல். நூலகத்திலேயே உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிட்டுப் போகும் வாசகர், கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் முத்திரை எதையும் விட்டுச்செல்வதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: கடன் வழங்குதல் அண்மையில்தான் கணினிக்கு வந்தது என்றால், அதற்கு முன் தேதிச் சீட்டில் நாற்பது முத்திரை வாங்கிய நூலும் கணினியில் பூஜ்யம் என்றே காட்டும். கணினி தரும் பட்டியலை அப்படியே கழிவுப் பட்டியலாக்காமல், சீட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால், அந்தப் பட்டியலை ஒரு மாதம் அறிவிப்புப் பலகையில் வைத்து, வாசகர் வட்டத்தின் கருத்தைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும் என்று கோருங்கள். உள்ளூர்க்காரர் யாராவது, “இது எங்கள் தாத்தா எழுதிய தல வரலாறு, வேறெங்கும் கிடைக்காது” என்று சொல்லக் கூடும். அது அதிகாரிக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது.

உங்கள் மனுவிலிருந்து நீங்கள் எடுத்துவிட வேண்டிய பகுதி ஒன்று உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களை ‘நூலகத்தை ஆக்கிரமித்தவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் நம் புத்தகத்தைத் தொடாமல், தங்கள் பையில் கொண்டுவந்த வழிகாட்டியையே நாள் முழுக்கப் படிக்கிறார்கள் என்பது உண்மைதான். எங்கள் நூலகர்களுக்கே அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் மேசையும் மின்விசிறியும் அமைதியும் இல்லாத வீட்டிலிருந்து வரும் ஒரு பெண், காலை எட்டரைக்கே வந்து கதவு திறக்கக் காத்திருப்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒரு கூடமும் நல்ல கழிப்பறையும் கட்டித் தருவதை எந்த ஆசிரியை எதிர்க்க முடியும்? புதுமை நம் நூலகங்களுக்கு அந்நியமும் இல்லை. 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள்; அன்றைக்கு அதுதான் நவீனம். உங்கள் முன்னாள் மாணவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: “கூடமும் வேண்டும், கணினியும் வேண்டும், சாய்தளமும் வேண்டும். அதோடு அடுக்குகளை ஏழடி உயரத்துக்கு, ஆறு தட்டாக ஆக்கு, சுவர் ஓரங்களிலும் போடு.” ஆறு தட்டாக்கினாலே கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டிவிடும், காபி அருந்தும் மூலையைச் சற்றுச் சுருக்கினால் இன்னும் கூடும். எதிரில் நிற்கிறவராக இருந்த அவரை உங்கள் பக்கம் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு கவுன்சிலர் கேட்கும் திருத்தத்தைப் பொறியாளர் கேட்பார்.

மனுவை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். புதுப்பிப்பை வரவேற்கிறோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, மேலே சொன்ன கணக்கை அப்படியே வையுங்கள். உணர்ச்சியான வாக்கியங்களைவிட 672 அடி என்ற எண் அதிக வேலை செய்யும். அதற்கு முன் வாசகர் வட்டத்தில் இருவர் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், இப்போதுள்ள ரேக்குகளை நூலகரின் அனுமதியோடு உண்மையாகவே அளந்துவிடுங்கள். மனு மாவட்ட நூலக அலுவலருக்கு. நகல்கள் பொது நூலக இயக்குநருக்கும் நகராட்சி ஆணையருக்கும். நேரில் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். ‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேட்க வேண்டும். நிர்வாக ஒப்புதல் ஆணையின் நகல், கழிவுப் பட்டியல், அதற்கு ஒப்புதல் தந்தவரின் பதவி, கடைசியாக இருப்புச் சரிபார்த்த அறிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நூலிருப்புப் பதிவேட்டை நேரில் பார்வையிடவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நீதிமன்றத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மருத்துவமனையாக மாற்றுவதாக 2011 நவம்பரில் அரசு அறிவித்தபோது, உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அந்த நூலகம் இன்றும் அங்கேயே இருக்கிறது. ஆனால் உங்கள் ஊரில் நூலகம் அகற்றப்படவில்லை, சுருக்கப்படுகிறது. சுருக்குவதைத் திருத்த ஒரு பொறியாளரின் பென்சில் போதும். அதற்கு வழக்கு வரை போவது காலவிரயம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் சேர்த்திருந்த வரி: “வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த 140 தொகுதிகள் எங்கள் நூலகத்தில் இருக்கின்றன, புரவலர் ஒருவர் கொடுத்தது.” இதை ஓரத்தில் எழுதாதீர்கள், மனுவின் நடுவில் எழுதுங்கள். நன்கொடையாக வந்த இத்தகைய தொகுதிகளைச் சில நூலகங்களில் பதிவேட்டில் ஏற்றாமலேயே வைத்திருப்பார்கள். பதிவெண் இல்லாததைக் கழிக்க யாருடைய கையெழுத்தும் தேவைப்படாது. பழைய தாள் வாங்குபவரின் தராசுக்கு நேராகப் போய்விடும். நாளை காலை நூலகம் திறந்ததும் போய், அந்தத் தொகுதிகளின் முதல் பக்கத்தில் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மூடுவதற்கு முன் எண் போட்டுத் தரும்படி நூலகரிடம் கேளுங்கள். 140 தொகுதிக்கு இரண்டு நாள் வேலை, உதவிக்கு வாசகர் வட்டத்தில் நால்வர் உட்கார்ந்தால் ஒரு நாள்.